மதிப்பெண் ஏடும் மாணவரும்

தென்காசி மாவட்டத்துச் சிவகிரி வட்டத்தில் ராயகிரி என்றொரு பேரூர் உண்டு. மேற்கே வானளாவ நிற்கும் மலைத் தொடர். அதன் அடிவாரத்தில் வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர். அவ்வூரில் பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியை மனக்கண்ணால் காணுங்கள். அவள் என் கற்பனையில் பிறந்தவளே; ஆயினும் அவளைப் போன்றவர் அவ்வட்டாரத்தில் பலர் உண்டு. அவளுடைய தந்தை செங்கோட்டைக் கணவாயைக் கடந்து கேரள நாட்டிற்குக் கட்டட வேலைக்குச் சென்றிருக்கிறார். தாய் மடியிலே சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையின் சட்டைப் பையில், நூறு கல் தொலைவுக்கு அப்பால் இருக்கிறது.

காலாண்டுத் தேர்வு முடிந்தது. ஆசிரியர் விடைத்தாளைத் திருத்தினார். அறிவியலில் அம்மாணவி பெற்றது 64. அன்றிரவு அம்மதிப்பெண்ணை இணையத்திலுள்ள மதிப்பெண் ஏட்டில் ஆசிரியர் பதிவு செய்தார். களைத்த விரல் இடம் மாறிற்று. 64 என்பது 46 ஆயிற்று. மகள் அறியுமுன்பே தந்தை அதனைக் கண்டார். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் கைப்பேசி வழியே வந்த அழைப்பில் கடுஞ்சொல் வந்தது. மாணவிக்கோ ஒன்றும் விளங்கவில்லை.

இச்சிறு நிகழ்ச்சியில் இன்று நான் பேசவிருக்கும் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. மதிப்பெண்ணை எழுதி வைப்பது எதற்காக? எழுதியதைக் காணும் உரிமை யாருக்கு உண்டு? பிழை நேர்ந்தால் அதனைத் திருத்துவது யார் கடமை? காகித ஏட்டிற்கும் இக்கேள்விகள் உண்டு. இணைய ஏடு வந்த பிறகு அவற்றின் விடைகள் நமக்கு முன்னிலும் அவசரமாகத் தேவைப்படுகின்றன.

முதலில் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மதிப்பெண் என்பது இல்லை. மாணவன் மணலில் எழுதினான், ஓலையில் எழுதினான், பாடத்தை ஒப்பித்தான். ஒப்பித்தவன் அடுத்த பாடத்திற்குச் சென்றான். ஒப்பிக்காதவன் அதே பாடத்தில் நின்றான். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். ஆசிரியரின் நினைவே ஏடாக இருந்தது.

1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் விடுதியின் கண்காணிப்பாளராக ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். அத்துடன், அன்றன்று எவ்வளவு பாடம் முடிந்தது என்பதைப் பதிவேட்டில் குறித்து வைக்கும் வழக்கத்தையும் அவர் வலியுறுத்தினார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே இம்முறை 'சென்னை முறை' என்னும் பெயருடன் உலகின் பல பகுதிகளுக்குப் பரவியது. கற்றதை நாள்தோறும் எழுதி வைக்கும் பழக்கத்திற்கும் தமிழகத்திற்கும் உள்ள தொடர்பு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதை இதனால் அறிகிறோம்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1785-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் யேல் கல்லூரித் தலைவராக இருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் என்பவர் தம் மாணவரைத் தேர்ந்து நான்கு வகையாகப் பிரித்தார். அப்பிரிவினைத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அந்த ஏட்டைத் திறப்பவர் அவர் ஒருவரே. அன்று ஆசிரியரின் மேசைக்குள் இருந்த குறிப்பு, பிற்காலத்தில் வீட்டிற்குச் செல்லும் தேர்ச்சி அட்டையாயிற்று. 'ராங்க் கார்டு' என்று நாம் வழங்குவது இதனையே. இப்போது அது கைப்பேசியில் ஒளிரும் எண்ணாகியிருக்கிறது. ஏட்டைப் படிப்பவர் தொகை பெருகப் பெருக, எழுதுபவரின் பொறுப்பும் பெருகுகிறது அன்றோ?

இனி, இணைய மதிப்பெண் ஏடு எவ்வாறு இயங்குகிறது என்று காண்போம். அதன் அமைப்பு மிக எளியது. ஒரு பெரிய கட்டத்தாளை எண்ணிக்கொள்ளுங்கள். இடப் பக்கத்தில் மேலிருந்து கீழாக மாணவர் பெயர்கள். மேற்பக்கத்தில் இடமிருந்து வலமாகத் தேர்வுகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மதிப்பெண். இத்தாள் பள்ளியில் இல்லாமல், தொலைவிலுள்ள மையக் கணிப்பொறியில் இருக்கிறது. அதனைத் திறக்கும் வாயில்கள் பல. ஆசிரியரின் கடவுச்சொல் ஒரு வாயிலைத் திறக்கும்; அவர் தம் வகுப்பின் கட்டங்களில் எழுதலாம். தலைமையாசிரியரின் வாயில் வழியே பள்ளி முழுவதையும் காணலாம். மாணவரும் பெற்றோரும் தமக்குரிய ஒரு வரியை மட்டும் காணலாம், எழுத இயலாது. நல்ல ஏடு ஒன்றில், யார் எந்த நாளில் எந்த எண்ணை மாற்றினார் என்னும் குறிப்பும் தானே பதிவாகும். நூற்றுக்கு உரிய தேர்வில் 640 என்று தவறி எழுதினால் ஏடு அதனை ஏற்க மறுக்கும். ஆனால் 64-க்குப் பதில் 46 என்று எழுதினால் மறுக்காது. அதுவும் நூற்றுக்குள் அடங்கிய எண்தானே! பொருந்தாத எண்ணைப் பொறி கண்டுபிடிக்கும். பொருந்தும் பிழையை மனிதர்தாம் கண்டுபிடிக்க வேண்டும்.

2002-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் வெளியிட்ட 'மூடில்' என்னும் மென்பொருள் இத்தகைய ஏட்டைத் தன்னுள் கொண்டது. 2014-இல் 'கூகுள் கிளாஸ்ரூம்' வந்தது. தமிழ்நாட்டு அரசு 'எமிஸ்' என்று சுருக்கமாக வழங்கும் கல்வித் தகவல் முறையை நடத்தி வருகிறது. அதில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. பள்ளி மாறினாலும் அந்த எண் மாறாது. 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புக் குழந்தைகளின் மதிப்பீட்டை ஆசிரியர்கள் கைப்பேசி வழியாகவே பதிவு செய்யலாயினர். இவ்வாறு பதிவு செய்வதில் கழியும் நேரம் பாடம் நடத்தும் நேரத்தைக் குறைக்கிறது என்று ஆசிரியர் அமைப்புகள் முறையிட்டதும் உண்டு. அம்முறையீட்டில் உண்மை இருக்கிறது. ஏடு கல்விக்குத் துணை செய்ய வேண்டும். கல்வி ஏட்டிற்கு அடிமையாகிவிடலாகாது.

இந்த ஏடு கணக்கும் போடும். கணக்குப் பொறியின் வேலைதானே, அதில் பிழை ஏது என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

ஒரு மாணவன் நான்கு சிறு தேர்வுகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். முதல் மூன்றில் 15, 16, 17 பெற்றான். நான்காம் தேர்வன்று காய்ச்சலால் வரவில்லை. ஆசிரியர் அக்கட்டத்தில் சுழியம் இட்டால், 80-க்கு 48. நூற்றுக்கு 60 ஆகிறது. கட்டத்தை வெறுமையாக விட்டால், ஏடு அத்தேர்வைக் கணக்கில் சேர்க்காது; 60-க்கு 48; நூற்றுக்கு 80 ஆகிறது. மாணவன் ஒருவன்தான், அவன் அறிவும் ஒன்றுதான். ஒரு கட்டம் வெறுமையா, சுழியமா என்பதில் இருபது மதிப்பெண் ஏறி இறங்குகிறது. 'எழுதவில்லை' என்பதும் 'எழுதி ஒன்றும் பெறவில்லை' என்பதும் வேறு வேறு செய்திகள். இரண்டையும் ஒரே குறியால் எழுதுவது பொருந்தாது.

இரண்டாவது எடுத்துக்காட்டு, தமிழ்நாட்டில் 2012-2013 கல்வியாண்டில் முப்பருவ முறையுடன் வந்த தொடர் மதிப்பீட்டைப் பற்றியது. அம்முறையில் வகுப்புச் செயல்களுக்கும் சிறு தேர்வுகளுக்கும் உரிய வளரறி மதிப்பீட்டிற்கு 40. பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60. மாணவி ஒருத்தி முன்னதில் 40-க்கு 38-உம், பின்னதில் 60-க்கு 42-உம் பெற்றாள் என்க. கூட்டினால் 80. 71 முதல் 80 வரை 'பி1' என்னும் தரம். ஆனால் ஏட்டை அமைத்தவர் 40-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்க மறந்துவிட்டார். ஏடு 38-ஐ நூற்றுக்கு 95 என்றும், 42-ஐ நூற்றுக்கு 70 என்றும் மாற்றி, இரண்டுக்கும் சராசரி கண்டு 82.5 என்று அறிவிக்கிறது. தரம் 'ஏ2' ஆகிவிடுகிறது! பொறி பொய் சொல்லவில்லை, சொன்னபடி கணக்கிட்டது. சொன்னவரே தவறாகச் சொன்னார். ஆதலால், ஏட்டில் இறுதி எண்ணை மட்டும் காட்டுவது போதாது. அந்த எண் எப்படி வந்தது என்பதையும் மாணவர் காணும்படி வைத்தல் வேண்டும்.

விடைத்தாளுக்கு இடப்படும் எண்ணே ஐயமற்றதா என்று கேட்பவரும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இரு கல்வியாளர் 1913-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே வடிவகணித விடைத்தாளின் படிகளைப் பல பள்ளி ஆசிரியர்களிடம் அனுப்பித் திருத்தச் செய்தனர். நூறு பேருக்கு மேற்பட்டோர் திருத்தி அனுப்பினர். அவர்கள் இட்ட மதிப்பெண்கள் முப்பதுக்குக் கீழே தொடங்கித் தொண்ணூறுக்கு மேல் வரை சென்றன! கணிதத்திலேயே இந்நிலை என்றால், கட்டுரை எழுதும் பாடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. எண் துல்லியமாகத் தோன்றும். ஆயினும் அதற்குப் பின்னே ஒரு மனிதரின் கண்ணும் கருத்தும் களைப்பும் இருக்கின்றன.

வகுப்பறைத் தேர்வுதானே, பொதுத் தேர்வு அன்றே, இதில் ஒன்றிரண்டு எண் மாறினால் என்ன என்று அலட்சியம் செய்வோர்க்கு, 2020-ஆம் ஆண்டு ஒரு பாடம் கற்பித்தது. கொரோனாப் பெருந்தொற்றினால் அவ்வாண்டு தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நடைபெறவில்லை. ஜூன் 9-ஆம் நாள் தேர்வு கைவிடப்பட்டு, அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மதிப்பெண் எப்படி வழங்குவது? காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் மதிப்பெண்களிலிருந்து நூற்றுக்கு எண்பது பங்கும், வருகைப் பதிவிலிருந்து இருபது பங்கும் எடுத்துக்கொள்வதென முடிவாயிற்று. ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் சான்றிதழ் இவ்வாறு எழுதப்பட்டது.

எண்ணிப் பாருங்கள்! முந்திய ஆண்டின் காலாண்டுத் தேர்வில் ஒரு மாணவன் விளையாட்டாக இருந்திருக்கலாம்; ஒருத்தி நோயுற்றிருக்கலாம்; ஓர் ஆசிரியர் அவசரத்தில் எண்ணை மாற்றி எழுதியிருக்கலாம். அன்று அவை எவர் கண்ணிலும் படாத சிறு செய்திகள். ஓராண்டுக்குள் அவையே வாழ்நாள் சான்றிதழில் ஏறி அமர்ந்தன. அடுத்த ஆண்டு, 2021-இல், பன்னிரண்டாம் வகுப்புக்கும் தேர்வு நடைபெறவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்களிலிருந்து 50 பங்கு, பதினோராம் வகுப்பிலிருந்து 20 பங்கு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அக மதிப்பீடுகளிலிருந்து 30 பங்கு என்று கணக்கிட்டனர். எழுதி வைத்த எண் எந்நாளில் எப்பயனுக்கு எடுக்கப்படும் என்பதை எழுதும் நாளில் எவரும் அறியார். ஆகவே ஒவ்வொரு நாளும் அதனை மெய்யாக எழுதி வைப்பதே அறம்.

பிழையின் விலை எத்துணைக் கொடியது என்பதை தெலங்கான மாநிலத்தில் 2019-ஆம் ஆண்டு கண்டோம். ஏப்ரல் திங்களில் அங்கு இடைநிலைத் தேர்வு முடிவுகள் வெளியாயின. தெலுங்குப் பாடத்தில் ஒரு மாணவிக்குச் சுழியம் என்று முடிவு வந்தது. விடைத்தாளை மீண்டும் பார்த்தபோது அவர் பெற்றது 99 என்று தெரிந்தது! மதிப்பெண்ணைத் தாளில் குறித்தவரின் பிழை அது. இவ்வாறு பலருடைய முடிவுகளில் குழப்பம் நேர்ந்ததாக மாநிலமெங்கும் முறையீடு எழுந்தது. முடிவு வெளியான நாட்களில் இளம் உயிர்கள் பல இழக்கப்பட்டன என்பதைச் சொல்லும்போதே நெஞ்சம் நடுங்குகிறது. தேர்ச்சி பெறாதோர் அனைவரின் விடைத்தாள்களையும் கட்டணமின்றி மீண்டும் சரிபார்க்க அரசு ஆணையிட்டது. சரிபார்த்தபின் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றனர்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? திரையில் தோன்றும் எண் இறுதித் தீர்ப்பு அன்று. அதனைக் கேள்வி கேட்கலாம், மறுபார்வை கோரலாம், திருத்தலாம். இதனை முன்கூட்டியே அறிந்த மாணவன் எண்ணைக் கண்டு நிலைகுலைய மாட்டான். மதிப்பெண் கண்டு மனம் உடையும் வேளை வந்தால், அத்துயரைத் தனியே சுமவாதீர்கள். தாயிடம், தந்தையிடம், ஆசிரியரிடம், நண்பரிடம் உடனே சொல்லுங்கள். எண்ணைத் திருத்த வழியுண்டு. மறுதேர்வு எழுதவும் வழியுண்டு. இழந்த உயிரை மீட்கவோ எந்த ஏட்டிலும் வழியில்லை.

அடுத்து, ஏட்டைக் காணும் உரிமையைப் பற்றிச் சிந்திப்போம். முன்னாளில் பொதுத் தேர்வு முடிவுகள் செய்தித்தாளில் வரும். பதிவு எண் மட்டும் அச்சாகியிருக்கும். தேறியவர் எண் இருக்கும். தேறாதவர் எண் இராது. விடியற்காலையில் தாள் வரும் வரை காத்திருந்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அம்முறையில் ஒரு நாகரிகம் இருந்தது. எண்ணை அறிந்தவர்க்கே முடிவு தெரியும். மற்றொரு புறத்தில், மாநிலத்தில் முதலிடம் பெற்றவரின் பெயரும் படமும் பெரிதாக வெளிவரும். 2017-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வுகளில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. மாணவரிடையே எழும் ஆரோக்கியமற்ற போட்டியையும் மனச் சுமையையும் குறைப்பதே அதன் நோக்கம்.

ஆனால், அரசு மூடிய வாயிலை நாம் வேறொரு பக்கத்தில் திறந்து விடுகிறோம். வகுப்பின் மதிப்பெண் பட்டியல் முழுவதையும் படமெடுத்து, பெற்றோர் அனைவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அனுப்புபவர் தீய எண்ணத்தால் அனுப்பவில்லை. நாற்பது பேருக்குத் தனித்தனியே அனுப்ப நேரமில்லாமையால் அனுப்புகிறார். ஆயினும், கடைசி வரியில் நிற்கும் குழந்தையின் பெயரை நாற்பது வீடுகளும் படிக்கின்றன. இணைய ஏட்டின் உண்மையான சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. ஒவ்வொருவர்க்கும் அவரவர் வரியை மட்டும் காட்டுவது அதற்கு எளிது. அந்த ஆற்றலைப் பயன்படுத்தாமல் பட்டியலைப் படமெடுத்து அனுப்புவது, பூட்டிய பெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் பொருளைத் திண்ணையில் பரப்புவது போன்றதாகும்.

அமெரிக்க நாட்டில் 1974-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, மாணவரின் கல்விப் பதிவுகளைப் பெற்றோர் பார்வையிடும் உரிமையையும், அவர் இசைவின்றிப் பிறர்க்கு வெளியிடலாகாது என்னும் தடையையும் வகுத்தது. அச்சட்டத்தின் கீழ் சுவையான வழக்கு ஒன்று எழுந்தது. ஒக்லஹோமா மாநிலத்து ஒவாசோ என்னும் ஊரின் பள்ளியில், மாணவர்கள் ஒருவர் தாளை மற்றொருவர் திருத்தி, மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. தம் குழந்தைகள் அதனால் நாணுகின்றனர் என்று ஒரு தாய் வழக்குத் தொடுத்தார். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2002-இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சக மாணவன் திருத்தும் அக்கணத்தில் அம்மதிப்பெண் பள்ளியால் காக்கப்படும் பதிவு ஆகவில்லை. ஆதலால் அவ்வழக்கம் சட்டத்தை மீறியதாகாது என்றனர். சட்டம் அத்துடன் நின்றது. சட்டம் தடுக்காத ஒன்று மாணவனின் மனத்தைப் புண்படுத்துமா என்பதை ஆசிரியரின் நெஞ்சமே முடிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு தனிமனிதரின் மின்தரவுப் பாதுகாப்பிற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிறையாதவரை அது குழந்தை என்றே கொண்டு, அவர்தம் தகவல்களுக்குச் சிறப்புப் பாதுகாப்பு வகுக்கிறது. தம்மைப் பற்றிய தகவலில் பிழை இருந்தால் திருத்தக் கோரும் உரிமையையும் ஓர் உரிமையாக அது எண்ணுகிறது. நம் கற்பனை மாணவியின் 46-ஐ 64 ஆக்கக் கேட்பது கெஞ்சிப் பெறும் சலுகை அன்று என்னும் கருத்து இதனால் வலுப்பெறுகிறது.

எண்ணையே நாடுவதால் கல்வி வளருமா என்னும் கேள்வியும் எழுகிறது. இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த ரூத் பட்லர் என்னும் உளவியலார் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவரில் ஒரு பகுதியினர்க்கு மதிப்பெண் மட்டும் தந்தார். ஒரு பகுதியினர்க்கு அவர்கள் செய்தது எங்கே நன்று, எங்கே குறை என்னும் குறிப்புரை மட்டும் தந்தார். மற்றொரு பகுதியினர்க்கு இரண்டையும் தந்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் திறனிலும் மேம்பட்டனர். இரண்டையும் பெற்றவர்கள் அத்தகைய முன்னேற்றம் காட்டவில்லை. எண்ணைக் கண்ட கண்கள் குறிப்பின் பக்கம் செல்லவில்லை போலும்! 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாக வகுத்தனர். அழகிய தமிழ்ச் சொற்கள் அவை. அரும்பு தோல்வி ஆகாது. அது மலரின் முன்னிலை. மதிப்பெண் ஏட்டில் எண்ணுக்கு அருகே ஆசிரியர் ஒரே ஒரு வரி எழுதினாலும் போதும்: "மின்சுற்றுப் படத்தை மீண்டும் வரைந்து பழகுக" என்னும் வரி, 64 என்னும் எண்ணைவிட மாணவிக்கு அதிகம் உதவும்.

மாணவ நண்பர்களே! இனி உங்கள் பங்கிற்கு வருவோம். முதலாவது, விடைத்தாள் கைக்கு வந்தவுடன் கூட்டலைச் சரிபாருங்கள். அந்த எண்ணை உங்கள் குறிப்பேட்டிலும் எழுதி வையுங்கள். இணைய ஏட்டில் வேறு எண் இருந்தால் அன்றே, பணிவுடன், விடைத்தாளைக் கையில் கொண்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். நாட்கள் சென்றால் நினைவும் தாளும் மறைந்து போகும். இரண்டாவது, உங்கள் கடவுச்சொல்லை நண்பரிடம் கொடுக்காதீர்கள். பிறர் மதிப்பெண் உங்கள் கண்ணில் பட்டாலும் அதனைப் பேசாதீர்கள். மூன்றாவது, உங்கள் எண்ணை நீங்களே முதலில் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். குறைந்த எண்ணாயினும் மகளின் வாயிலிருந்து கேட்கும் தந்தைக்கும், திரையில் காணும் தந்தைக்கும் வேறுபாடு உண்டு. சொல்லும்போது காரணமும் உடன் செல்கிறது. திரையில் எண் மட்டுமே செல்கிறது.

ராயகிரி மாணவியிடம் மீண்டும் செல்வோம். அவள் அழுதுகொண்டே பள்ளிக்குச் சென்றாள். அன்று விடைத்தாள் வழங்கப்பட்டது. அதில் 64 என்று சிவப்பு மையில் தெளிவாக இருந்தது. அவள் ஆசிரியரிடம் சென்று, "ஐயா, ஏட்டில் 46 என்று இருக்கிறதாம், அப்பா பார்த்தார்களாம்" என்றாள். ஆசிரியர் தாளைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார். "என் பிழை, அம்மா" என்று சொல்லி அங்கேயே திருத்தினார். அதனுடன் நில்லாமல், அவள் தந்தையை அழைத்துத் தாமே செய்தியைச் சொன்னார். மலைக்கு அப்பால், பாதி எழும்பிய சுவரின் நிழலில் நின்று, அத்தந்தை அதனைக் கேட்டார். அன்று மாலை பக்கத்து வீட்டுக் கைப்பேசி மீண்டும் ஒலித்தது. இம்முறை அதில் வந்த குரல் வேறாக இருந்தது.

இது கற்பனையே, ஆயினும் இதில் நடக்க இயலாதது ஒன்றும் இல்லை. காகித ஏட்டில் இப்பிழை ஆண்டு முடியும் வரை உறங்கியிருக்கக் கூடும். இணைய ஏடு அதனை ஒரே இரவில் மலைக்கு அப்பால் கொண்டு சென்று துன்பம் தந்தது. ஒரே நாளில் திருத்தவும் இடம் தந்தது. முதலில் நேர்ந்தது பொறியின் விரைவால். பின்னர் நேர்ந்தது மாணவி கேட்டதாலும் ஆசிரியர் ஒப்புக்கொண்டதாலும். கேட்கும் துணிவு மாணவரிடமும், ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை ஆசிரியரிடமும் இருக்கும் பள்ளியில், எந்த ஏடும் நல்ல ஏடே.